ரப்பர் மரமே இல்லாத மதுரையில் இத்தனை ரப்பர் கம்பெனி எப்படி?

[காட்சி: உள்ளங்கையில் ஒரு கறுப்பு வளையம், மிக அருகில்]

வணக்கம் மக்களே. பைக்கின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் எண்ணெய் கசிகிறது என்று மெக்கானிக்கிடம் போனால், "சீல் போயிருச்சுண்ணே" என்பார் இல்லையா, அந்த ஆயில் சீல்தான் இது. மல்லிகைப்பூ, சுங்குடி, ஜிகர்தண்டா பற்றியெல்லாம் ஆயிரம் வீடியோ இருக்கிறது, இன்றைக்கு அதை விட்டுவிடுவோம். இந்த வளையம் மாதிரியான சாமான்களால் நம்ம ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதைப் பார்க்கலாம்.

முதல் விஷயம், மதுரையில் ரப்பர் மரம் கிடையாது. அந்த மரத்துக்கு வேண்டிய மழையில் பாதிகூட இங்கே பெய்யாது. ரப்பர் ஷீட் கன்னியாகுமரி பக்கமிருந்தும், கோட்டயத்திலிருந்து குமுளி மலைப்பாதை இறங்கித் தேனி வழியாகவும் லாரியில் வரவேண்டும். அப்புறம் ஏன் இங்கே?

[காட்சி: பழைய பஸ் ஒன்றின் கோட்டோவியம்]

பஸ்ஸால்தான். 1912இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் விட்டார். அந்தக் காலத்து ரோட்டில் பஸ் ஓடினால் டயர் என்ன கதி ஆகும்! போதாக்குறைக்கு இரண்டாம் உலக யுத்தம் வந்து, 1942இல் மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் உலகம் முழுக்க ரப்பருக்குத் தட்டுப்பாடு. தேய்ந்த டயரை வீச முடியாது, மேலே புது ரப்பர் ஒட்டித்தான் ஓட்டவேண்டும். ரீட்ரெடிங் என்கிற அந்தத் தொழிலிலும் சுந்தரம் ஐயங்கார் இறங்கினார். ரப்பரைக் கலப்பது, அச்சில் வைப்பது, சூடேற்றி இறுக்குவது என்று ரீட்ரெடிங்கில் இருக்கும் வேலைதான் மொத்த ரப்பர் தொழிலுக்கும் அரிச்சுவடி என்பது என் எண்ணம்.

இன்றைக்கு மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டூவீலர் டயர் போடுகிறது, கோச்சடையில் பென்னர் கம்பெனி மிஷின்களுக்கான பெல்ட் போடுகிறது, ஆயில் சீலுக்கு ஹைடெக் அராய் என்ற கம்பெனி. டயருக்குள்ளும் பெல்ட்டுக்குள்ளும் நூல் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1890களிலேயே நூல் நூற்கும் ஹார்வி மில் சங்கு ஊதிய ஊர் இது. ஆனால் எனக்குப் பிடித்தது இந்தப் பெரிய பெயர்கள் இல்லை. கே.புதூர், கப்பலூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுகளில் தகரக் கூரைக்கடியில் இருக்கும் சின்னப் பட்டறைகள்தான். இருபது வருடம் பெரிய கம்பெனியில் பிரஸ், அதாவது ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் மிஷின், ஓட்டியவர் வெளியே வந்து, கடனை வாங்கி ஒரு பிரஸ்ஸைப் போட்டு, பழைய கம்பெனியிடமே ஆர்டர் கேட்டு நிற்பார். தொழில் பரவியதில் பாதிக் கதை இதுதான்.

[காட்சி: இரண்டு உருளைக்கு நடுவே ரப்பர் மாவு போலப் பிசைபடுகிறது]

உள்ளே என்ன நடக்கிறது? ரப்பரோடு கார்பன் கரி, கந்தகம், துத்தநாக ஆக்சைடு எல்லாம் போட்டு மில்லில் பிசைகிறார்கள், சப்பாத்தி மாவு மாதிரி. அதுதான் கம்பவுண்டு. ஆயில் சீலுக்கு மட்டும் மரத்து ரப்பர் ஆகாது, எண்ணெய் பட்டால் உப்பிவிடும், அதற்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். கம்பவுண்டைத் துண்டு போட்டு மோல்டில், அதாவது அச்சில் வைத்து, 150 டிகிரிக்கு மேல் சூட்டில் பிரஸ் அழுத்தினால், கந்தகம் ரப்பர் இழைகளை ஒன்றோடொன்று கோத்துவிடும். சாதாரண பிளாஸ்டிக் தப்பாக வந்தால் உருக்கித் திரும்ப ஊற்றலாம். வெந்த ரப்பரை அப்படிச் செய்ய முடியாது. போனது போனதுதான்.

அதனால்தான் கடைசி வேலைக்கு அவ்வளவு மதிப்பு. மோல்டிலிருந்து எடுத்ததும் வளையத்தின் ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லியதாக ஒரு பிசிறு நிற்கும், அதை பிளாஷ் என்பார்கள். பல பட்டறைகளில் இதை எடுப்பது பெண்கள்தான், சிலர் வீட்டுக்கே மூட்டையாக வாங்கிவந்து செய்கிறார்கள். எங்கள் சித்தி பதினோரு வருடமாகச் செய்கிறார். டிவியில் சீரியல் ஓடும், கண் அங்கே, கத்தரி இங்கே. விரல் நுனியே வளையத்தைச் சுற்றித் தடவிப் பார்த்துவிடும். ஒரு நூலிழை உள்ளே வெட்டுப்பட்டாலும் அந்தப் பீஸ் கழிவு, காசும் கிடையாது.

[காட்சி: கறுத்த விரல் நுனிகள்]

மதுரையின் பலம் என்று கேட்டால் நான் இந்த விரலைத்தான் காட்டுவேன். புதூர் ஐ.டி.ஐ. இருக்கிறது, 1957லிருந்து தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி மூன்று நாலு மணி நேரத்தில் போய்விடும், எல்லாம் சரி. ஆனால் சித்திக்கு பீஸ் கணக்குதான், பி.எப். கிடையாது, மூட்டை வராத வாரம் வருமானமும் கிடையாது. படித்த பையன்கள் ஓசூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுவது சும்மா இல்லை. இதைச் சொல்லாமல் ஊர்ப் பெருமை மட்டும் பேசினால் அது விளம்பரம்.

இப்போது மின்சார ஸ்கூட்டர். எஞ்சினே இல்லையென்றால் எஞ்சின் சீலுக்கு எங்கே வேலை? டயர் தப்பித்தது, எந்த வண்டிக்கும் சக்கரம் வேண்டும். போர்க் சீலும் இருக்கும். பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கவும், வயர் நுழையும் ஓட்டையை மூடவும் ரப்பர்தான் வேண்டும். ஆனால் அதற்கு மோல்டு வேறு, கம்பவுண்டு வேறு, ஒற்றை பிரஸ் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு லேசில்லை.

போன மாதம் சித்தி வீட்டுக்கு வந்த மூட்டையில் வளையத்துக்குப் பதில் நீளச் சதுரமாக ஒரு சாமான். பேட்டரிப் பெட்டிக்காம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதுல எங்கிட்டுடா எண்ணெ ஊத்துவாய்ங்க?"