குதிகாலுக்கு ஏற்ற தோல்

நேயர்களுக்கு வணக்கம். குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் தடம் விழுமல்லவா? குதிகால் விழும், விரல்கள் விழும், வெளிவிளிம்பு விழும். உட்பக்கம் வளைந்த பகுதி மட்டும் பெரும்பாலானவர்களுக்கு விழாது. நான் பேச வந்தது அந்த விழாத இடத்தைப் பற்றித்தான்.

பைக்கின் பின்சீட்டில் உட்காரும் பிள்ளையின் குதிகால் சக்கரக் கம்பியில் சிக்குவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஸ் சக்கரம் ஏறியது, சர்க்கரை நோயில் ஆறாத புண், புற்றுநோய்க்காக வெட்டி எடுத்தது என்று குதிகால் தோல் போவதற்கு வேறு வழிகளும் உண்டு. உறவினர்கள் உடனே கேட்பார்கள்: "தொடையில் தோல் எடுத்து ஒட்டிவிடலாமே டாக்டர்?" எலும்பு தெரிந்தால் அது பிடிக்காது. பிடித்தாலும், நடக்க ஆரம்பித்ததும் தேய்ந்து புண்ணாவதைப் பார்க்கிறோம்.

ஏன்? இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சு ஓடிவிடாமல் ஊடே தையல் போடுவார்களே, அதுபோலக் குதிகால் கொழுப்பை ஊடுருவும் நார்கள் தோலை ஆழத்தில் இழுத்துக் கட்டியிருக்கின்றன. காலை ஊன்றித் திரும்பும்போது தோல் வழுகாமல் இருப்பது அதனால்தான். தொடைத் தோலுக்கு இந்தக் கட்டு இல்லை. தடம் விழாத உட்பாதத்தோலுக்கு இருக்கிறது.

அந்தத் தோலைக் குதிகாலுக்கு நகர்த்தும் முறையை ஷனஹன், ஜிங்ராஸ் என்ற அறுவை மருத்துவர்கள் 1979-இல் எழுதினார்கள். கவனியுங்கள், நகர்த்துகிறோம் என்றேன். ரத்தக் குழாயையும் நரம்பையும் அறுக்காமல், தோலைப் பின்னால் திருப்பிக் குதிகாலில் வைத்துத் தைக்கிறோம். எடுத்த இடத்தில் தொடைத் தோலை ஒட்டுகிறோம். அங்கே பாரம் இறங்காது, தாங்கும்.

நரம்பு என்றேன். கட்டட வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்கு இதைச் செய்தோம். காயம் ஆறியபின் கண்ணை மூடச் சொல்லி, புதிய குதிகாலைப் பஞ்சால் வருடினேன். "எங்கே தொடுகிறேன், சொல்லுங்கள் அம்மா." "நடுப்பாதத்தில் டாக்டர்." மறுபடி தொட்டேன். "அதே இடம்தான், ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்?" கண்ணைத் திறந்து பார்த்தவர் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது! மூளைக்கு இன்னும் பழைய விலாசம்தான் தெரியும். விலாசம் தவறினால் என்ன, செய்தி போகிறதே. கல் குத்தினால் காலை எடுப்பார். எனக்கு அதுதான் வேண்டும். உணர்ச்சி, உணர்ச்சி என்று நான் அடித்துக்கொள்வதைக் கேட்டு என் மாணவர்கள் சலித்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் இது கைகொடுக்காது. கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி துடிக்க வேண்டும். சர்க்கரை நோயாலோ பீடி சிகரெட்டாலோ இந்தத் தோலுக்கு ரத்தம் தரும் அந்தக் குழாய் அடைத்திருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயம் பெரிதானால் கெண்டைக்கால் பின்புறத் தோலைக் கீழே திருப்பலாம். அதற்கு நுண்ணோக்கி வேண்டாம், ஆனால் சற்றுத் தடிப்பாகவும் மரத்தும் இருக்கும். முதுகுத் தசையையோ தொடைத் திசுவையோ எடுத்து, நுண்ணோக்கியில் ரத்தக் குழாய்களை இணைத்தும் வைக்கலாம். அதிலும் உணர்ச்சி குறைவுதான். உணர்ச்சியற்ற பாதத்தை எப்படிக் காப்பது என்று 1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கற்றுச் சொன்னதை விரிக்க இப்போது நேரமில்லை. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு, தினமும் இரவில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, சிவந்திருந்தால் அன்றே நடையைக் குறைப்பது. வணக்கம்.