மெழுகு ஏன் கெட்டியாக இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மெழுகுவத்தியை நகத்தால் கீறிப் பாருங்கள், துகள் துகளாக உதிரும். அதை நெருப்பில் காட்டினால் உருகி வழியும், ஆறியதும் மறுபடி கெட்டிப்படும். அதில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீளமான சங்கிலிகள். நேர்முனை, எதிர்முனை என்று சொல்லும்படி அவற்றில் ஒன்றும் இல்லை. பிறகு எது அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது?

எலக்ட்ரான்கள்தான். சராசரியாகப் பார்த்தால் அவை மூலக்கூறு முழுக்கச் சீராகப் பரவியிருக்கின்றன. ஆனால் ஏதோ ஒரு கணத்தில் ஒரு பக்கம் சற்றுக் கூடிவிடும். அந்தக் கணத்துக்கு மட்டும் மூலக்கூறு ஒரு சின்ன இருமுனையாகிவிடுகிறது, அதாவது ஒரு பக்கம் எதிர்முனை, மறுபக்கம் நேர்முனை. அது பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களையும் நகர்த்தும். எதிரெதிர் முனைகள் நெருங்கும், ஈர்ப்பு பிறக்கும். அடுத்த கணம் திசை மாறினாலும் இரண்டும் இசைந்தே மாறுவதால் ஈர்ப்பு விட்டுப்போவதில்லை. 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் என்ற இயற்பியலாளர் இதைக் குவாண்டம் இயக்கவியல் வழியே விளக்கினார். லண்டன் விசை என்ற பெயர் அவரால் வந்தது, ஊரால் அல்ல.

"வலிமை குறைந்த விசை" என்று பாடத்தில் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. எலக்ட்ரான்கள் பெருகப் பெருக என்ன நடக்கிறது, பாருங்கள். ஃபுளூரின் கொதிப்பது மைனஸ் 188 டிகிரி செல்சியஸில், குளோரின் மைனஸ் 34-இல். புரோமின் அறை வெப்பநிலையில் திரவம். அயோடினோ கருமையாக மின்னும் படிகம், லேசாகச் சூடாக்கினால் ஊதா நிற ஆவி எழும். நான்குமே மெழுகைப் போல முனைவற்றவை, அவற்றைச் சேர்த்து வைப்பது இந்த விசைதான்.

அப்புறம், வடிவம். பென்டேனிலும் நியோபென்டேனிலும் அதே 5 கார்பன், அதே 12 ஹைட்ரஜன். நீண்டு கிடக்கும் பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கிறது. உருண்டையான நியோபென்டேன் 10 டிகிரியைத் தொடும் முன்பே ஆவியாகிறது. உருண்டைகள் ஒன்றையொன்று தொடும் இடம் குறைவு. இந்த விசைக்கு நெருக்கம் வேண்டும்: தூரம் இருமடங்கானால் ஈர்ப்பு ஆற்றல் 64-இல் ஒரு பங்காகிவிடும். மெழுகின் சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டிப் படுத்திருப்பதால் ஒவ்வொரு கார்பனும் தன் பங்கைச் சேர்க்கிறது.

ஹீலியத்துக்கு இருப்பவை இரண்டே எலக்ட்ரான்கள். 1908-இல் காமர்லிங் ஆன்னஸ் என்ற இயற்பியலாளர் அதைக் குளிர்வித்துக்கொண்டே போனார். ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரியில் அதுவும் திரவமாகிக் குடுவையில் தேங்கியது.