மடிப்பு கேம்பரின் அடுக்களையும் சிங்க்கும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சூரியனார்கோயிலில் தொடங்கித் திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம் என ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் குடும்பத்தோடு சுற்றி வருகிறவர்களும், வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போய்விட்டு அப்படியே கோடியக்கரை வரை ஓர் எட்டு பார்த்துவிட்டு வருகிறவர்களும், வழியில் கடை தேடி அலையாமல் வண்டியிலேயே உலை வைத்துக்கொள்வது நம் காவிரி டெல்டாவில் நெடுநாள் வழக்கம். முன்பெல்லாம் வேனின் பின்புறத்தில் ஓர் அடுப்பும் சில குடம் தண்ணீரும் இருந்தால் போதும் என்று இருந்தோம். இப்போது கூரையை மேலே தூக்கி, பக்கங்களில் துணியை இழுத்துக் கட்டினால் சிறு வீடாகிவிடும் மடிப்பு கேம்பரைச் சிலர் செய்து வாங்குகிறார்கள். வண்டிகளுக்கு உள்வேலை செய்து தரும் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில், அந்த வண்டிகளின் அடுக்களையில், குறிப்பாகச் சிங்க்கில், வரும் கோளாறுகளைப் பற்றிப் பேச எனக்கு இந்த வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

இந்த வண்டியின் அடுக்களை வீட்டு அடுக்களையைப் போல ஒரே இடத்தில் நிற்பதில்லை. பயணத்தின்போது கூரை கீழே இறங்கிவிடுவதால், அடுப்பும் சிங்க்கும் பதித்த மேடை கீழே மடிந்து படுத்துக்கொள்ளும்; வண்டி நின்றதும் அதைத் தூக்கி நிறுத்திக் கொண்டி போடுவோம். தொட்டியிலிருந்து பம்பு, பம்பிலிருந்து குழாய், சிங்க்கிலிருந்து கழிவுநீர்க் குழாய் எனத் தண்ணீர் போகும் பாதை முழுவதும் இந்த மடிப்புக்கு ஈடுகொடுத்து வளைந்து நிமிர வேண்டும். ஆகவே தண்ணீர் வரவில்லை என்றதும் பம்பு போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதுப் பம்பு வாங்க ஓடுவது வீண் செலவு. பழுதுக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலும் பம்பு நன்றாகவே இருக்கிறது. குறை அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கிறது. தொட்டியில் தொடங்கித் தண்ணீர் போகும் வழியிலேயே நாமும் போய்ப் பார்ப்பதுதான் சரியான முறை.

முதலில் மேடைக்கு அடியில் உள்ள கதவைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் குழாயை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். மேடை மடியும் இடத்தில் குழாயின் மேல் வெள்ளைக் கோடு ஒன்று விழுந்திருந்தால், குழாய் அங்கே பலமுறை மடங்கி நசுங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் கோட்டின் மேல் நகத்தை வைத்து அழுத்தினால் மற்ற இடங்களைவிட அங்கே எளிதில் அமுங்கும். அதை டேப் சுற்றிச் சரிசெய்ய முடியாது. அந்தத் துண்டை எடுத்துவிட்டு, உள்ளே கம்பிச் சுருள் வைத்த குழாயை, முன்பு இருந்ததைவிட ஒரு சாண் கூடுதலாக விட்டு, வளைவு பெரிதாக இருக்கும்படி மாட்ட வேண்டும். நீளத்தைக் கூட்டாமல் புதுக் குழாய் போட்டால் அடுத்த பயணத்திலேயே அதே கோடு விழும். மேடையைத் தூக்கும்போது ஒருவரும், அடியில் குனிந்து குழாய் எப்படி அசைகிறது என்று கவனிக்க இன்னொருவரும் இருந்தால் வேலை சுத்தமாக முடியும்.

கத்திரி வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கம்பிச் சுருள் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் குழாயைத் தொட்டிக்கும் பம்புக்கும் இடையில் போட்டிருந்தால், மூடிய வண்டிக்குள் சூடேறி இளகிய குழாய், பம்பு உறிஞ்சும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்கிறது. காலையில் நன்றாக வந்த தண்ணீர் மதியத்தில் வராது; மாலையில் மறுபடியும் வரும். இதைப் பார்த்துவிட்டு பம்பு சூடாகி நின்றுவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பம்பு ஓடும்போது அந்தக் குழாயைக் கையில் பிடித்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

பம்பு ஓடுகிறது, சத்தமும் வருகிறது, ஆனால் குழாயில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றும் குமிழியும் வருகின்றன என்றால், உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று இழுக்கிறது. நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் ஃபில்டர் பாயிண்டில் இன்ஜினை ஓட்டும்போது உறிஞ்சு குழாயின் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தாலும் தண்ணீர் ஏறாது என்பதும், அந்த இடத்தில் ஒரு சொட்டுக்கூட வெளியே கசியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கேம்பரிலும் இதே கதைதான். கசிவைத் தேடினால் கிடைக்காது. இணைப்புகளில் உள்ள கிளிப்புகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்க வேண்டும். அதிலும் பம்பின் வாயில் மாட்டியிருக்கும் சிறு வடிகட்டிக் கிண்ணத்தின் மூடியை முதலில் கவனியுங்கள். அதன் ரப்பர் வளையம் காய்ந்திருந்தாலோ, மூடி கோணலாக ஏறியிருந்தாலோ காற்று அங்கிருந்துதான் புகும். கிண்ணத்தைக் கழற்றும்போது வலையையும் கழுவிவிடலாம். தொட்டியில் துளையிட்டபோது உதிர்ந்த பிளாஸ்டிக் சுருள்கள் உள்ளேயே கிடந்து இந்த வலையில் வந்து அடைவது புது வண்டிகளில் சகஜம்.

கைப்பம்பு வைத்த வண்டிகளும் உள்ளன. பல நாள் ஓய்வுக்குப் பிறகு கைப்பம்பு தண்ணீர் இழுக்காவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். மேலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சற்று ஊறவிட்டு அடித்தால் பெரும்பாலும் இழுத்துவிடும். அப்படியும் முடியாவிட்டால் வாஷரை மாற்றினால் போதும்.

பம்பு ஓடவே இல்லை என்றால், முதலில் ஃபியூஸ், அடுத்து மின்கம்பி. இவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பம்புகள். பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டும்போது, சுவிட்சைப் போட்ட நிலையில் பம்பின் முனையில் அளந்தால் 10 வோல்ட்தான் இருக்கிறது என்றால், நடுவில் எங்கோ மின்சாரம் இழக்கப்படுகிறது. சுவிட்சைப் போடாமல் அளந்தால் இது தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். தரங்கம்பாடி, வேளாங்கண்ணி போன்ற கடலோர ஊர்களில் இரவு தங்கிய வண்டிகளில், சேசிஸில் முடுக்கிய எர்த் கம்பியின் முனை உப்புக்காற்றில் பச்சை பூத்தும் துருப்பிடித்தும் இருப்பதைப் பார்க்கிறேன். அதைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மீண்டும் முடுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவிவிட்டால் பம்பு பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

குழாயை மூடிய பிறகும் இரவில் பம்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை டுர்ரென்று ஓடி நிற்பது அடுத்த புகார். குழாய்க்குள் அழுத்தம் குறைவதால்தான் அது தானாக ஓடுகிறது. இணைப்புகளுக்கு அடியில் பழைய தினத்தாளை விரித்து வைத்துவிட்டுப் படுத்தால், எங்கே சொட்டுகிறதோ அங்கே காலையில் வட்டம் விழுந்திருக்கும். தாள் காய்ந்தே இருந்தால், அழுத்தம் பம்பின் உள்வால்வு வழியாகப் பின்னோக்கித் தொட்டிக்குள் போகிறது என்று பொருள். வால்வைத் திறந்து பார்த்தால் ஒரு மணல் துகளோ, கடுகளவு சில்லோ அதன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். தங்கும் விடுதியின் குழாயில் ஹோஸை மாட்டியதும் வண்டியின் தொட்டி தானாக நிரம்பி வழிகிறது என்றால், அதற்கும் இந்த வால்வே காரணம். பத்து மீட்டர் உயரத்தில் உள்ள மாடித் தொட்டி ஏறத்தாழ 1 பார் அழுத்தமே தரும் என்பதால் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மோட்டாரிலிருந்து நேராக வரும் குழாயில் வண்டியை இணைக்கவே கூடாது.

சிங்க்கின் மேல் தண்ணீர் திறக்கும் குழாயை மாற்றுகிறவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பதைப் போல அன்னத்தின் கழுத்துபோல் நீண்ட குழாயை ஆசையாக வாங்கி மாட்டிவிட்டு, கூரையை இறக்கும்போது அது இடித்து மேடையையே பெயர்த்துவிடும் நிலைக்குப் போகிறார்கள். மடக்கி வைக்கக்கூடிய குட்டைக் குழாயே இங்கே பொருந்தும். இரண்டாவது, நம் ஊர்ப் பிளம்பிங் கடையில் கிடைக்கும் அரை அங்குல மரைக்கும் அமெரிக்காவிலிருந்து வரும் அரை அங்குல மரைக்கும் ஓர் அங்குலத்துக்கு 14 சுற்று என்ற கணக்கு ஒன்றாக இருந்தாலும், மரையின் கோணம் நம்முடையதில் 55 பாகை, அவர்களுடையதில் 60 பாகை. ஆகவே ஒன்று மற்றொன்றில் கையாலேயே சில சுற்று ஏறிவிடும். எத்தனை சுற்று டெஃப்லான் டேப் போட்டாலும், வண்டி குலுங்கக் குலுங்கக் கசியும். இறக்குமதிச் சாமான் என்றால் இரு பக்கமும் இறக்குமதியாகவே இருக்கட்டும், அல்லது இரண்டுக்கும் நடுவில் போடும் மாற்று இணைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் டெல்டாவில் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பிடித்த தண்ணீரும், வேதாரண்யம் பக்கத்து நிலத்தடித் தண்ணீரும் ஒன்றல்ல. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது. கடலோரத்தில் பல ஆழ்குழாய்க் கிணறுகள் இதைத் தாண்டிவிடுகின்றன. கடற்கரைக்குப் போகும்போது உள்ளூர்க் கிணற்றில் தொட்டியை நிரப்புவதைவிட, கிளம்பும்போதே நல்ல தண்ணீரை நிரப்பிக்கொள்வது பம்புக்கும் குழாய்க்கும் நல்லது. 40 லிட்டர் தொட்டி என்றால் 40 கிலோ எடை கூடும். அச்சுக்கு நேர் மேலாகத் தொட்டி இருந்தால் அந்த எடை தொந்தரவு செய்யாது. குழாய் முனையில் வெள்ளையாகப் படியும் உப்பைச் சுரண்டாதீர்கள். புளிக்கரைசலில் அல்லது எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுவதும் ஊறவைத்தால் கரைந்துவிடும்.

தொட்டியிலிருந்து வாடை வருகிறது என்றால், 40 லிட்டர் தண்ணீருக்கு, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், அதாவது ப்ளீச், 40 மில்லி கலந்து, பம்பை ஓட்டி எல்லாக் குழாய்களிலும் அந்தத் தண்ணீர் நிரம்பும்படி செய்து, நான்கு மணி நேரம் விட்டுவிட்டு வெளியேற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் வாடை போகும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கண்ணாடிபோல் தெளிவான குழாய்களில் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும் என்பதால் நிறமுள்ள குழாய்களே மேல்.

இனிக் கழிவுநீர். நம்முடைய சமையலில் சிங்க்குக்குப் பெரிய எதிரி கஞ்சிதான். கொதிக்கும் சோற்றுக் கஞ்சியை அப்படியே சிங்க்கில் வடித்தால், மெல்லிய வளைகுழாய் சூட்டில் இளகித் தொய்கிறது. தொய்ந்த பள்ளத்தில் தங்கும் கஞ்சி இரவில் ஆறி உறைந்து, அடுத்த நாள் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. கஞ்சியைத் தனிப் பாத்திரத்தில் வடித்துக் குடித்துவிடுங்கள், அல்லது மாட்டுக்கு ஊற்றிவிடுங்கள். வழியில் மாடு கிடைக்காத ஊர் டெல்டாவில் இல்லை. அடைத்துவிட்டால் காஸ்டிக் சோடா கலந்த பொடிகளைப் போடாதீர்கள். அவை தண்ணீரில் கரையும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். இந்த மெல்லிய குழாய் அதைத் தாங்காது. குழாயைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பிசைந்து கழுவுவதே போதும். சிங்க்கிலிருந்து நாற்றம் வருகிறது என்றால், குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு இல்லை என்றோ, வண்டியின் குலுக்கலில் அந்தத் தண்ணீர் சிந்திவிட்டது என்றோ கொள்ளலாம். குழாயையே ஒரு வளையமாக வளைத்துக் கிளிப்பில் கட்டிவிட்டு, பயணத்தின்போது சிங்க்கின் துளையை மூடியால் அடைத்துவிடுங்கள்.

வெளியே வரும் தண்ணீரைப் பிடிக்க, நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடச் சிறியதாக இல்லாத கேன் ஒன்று கட்டாயம் வேண்டும். வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது என்பதற்காகக் குழாயை அதில் விட்டுவிடுவது எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறக்கப்படுமா என்று ஊரே காத்திருக்கும் பூமி இது. அந்தத் தண்ணீரில்தான் கீழ்ப்பக்கத்துக் குடும்பம் குளிக்கிறது, துவைக்கிறது. கோயில் குளத்துக்கும் இதே நியாயம்தான். சோப்பு அதிகம் கலக்காத தண்ணீரை, தோட்டத்துக்காரரின் அனுமதியோடு வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றிவிடலாம்.

சிங்க்கின் விளிம்பைச் சுற்றியுள்ள சிலிக்கான் பூச்சு விட்டிருந்தால் உடனே கவனியுங்கள். விளிம்புக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்தும்போது பிளைவுட் மெத்தென்று உள்ளே போனால் அது ஊறிவிட்டது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டி மூடிக் கிடக்கும் நாட்களில் அது பூஞ்சை பிடித்து உதிர்ந்துவிடும். குளிர்நாட்டவர் உறைபனிக்குப் பயந்து குழாய்களில் இருக்கும் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு வண்டியை நிறுத்துவார்கள். நமக்கு உறைபனி இல்லை என்றாலும், மழைக்காலத்துக்கு முன்னால் அதே வேலையைச் செய்துவிட்டு, அலமாரிக் கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும்.

கடைசியாக எரிவாயு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படுத்துத் தேங்கும். அதனால் உருளை இருக்கும் அறைக்குத் தரைமட்டத்தில், வெளிப்பக்கமாகத் திறக்கும் காற்றுத்துளை இருக்க வேண்டும்; 5 கிலோ உருளையை நிமிர்ந்த நிலையில் பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே. கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். தீக்குச்சி கூடவே கூடாது. அடுப்பு எரியும்போது துணிப் பக்கத்தின் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், மழை தூறினாலும் சரி. கூரையை இறக்கும் முன் உருளையின் வால்வை மூடிவிட்டு, குழாயில் எஞ்சிய வாயு எரிந்து அடுப்பு தானாக அணையும்வரை நில்லுங்கள். அடுப்பு கையில் தொட ஆறிய பிறகே மேடையை மடியுங்கள்.

நன்றி, வணக்கம்.