இளவரசிகளுக்குள் ஒளிந்திருப்பவர்கள்

வணக்கம், நேயர்களே.

லூசில் லா வெர்ன் என்று ஒரு நாடக நடிகை இருந்தார். மேடையில் பழுத்த அனுபவம் உடையவர். வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோ தன் முதல் முழுநீள அனிமேஷன் படமான 'ஸ்னோ ஒயிட்'டை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, பொறாமை பிடித்த அரசிக்குக் குரல் கொடுக்க அவரை அழைத்தார்கள். அதிகாரமும் குரூரமும் கலந்த அந்தக் குரல் அரசிக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. அரசி மந்திர மருந்தைக் குடித்துவிட்டு, ஆப்பிள் விற்கும் கிழவியாக மாறுகிறாள். அதற்கு வேறொரு குரல் வேண்டும். லா வெர்ன் பேசிக் காட்டினார். ஓவியர்களுக்குத் திருப்தி இல்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து வாயைத் திறந்தபோது, அறையில் இருந்தவர்கள் அசந்துபோனார்கள். குழறலும் சீறலுமாக, அசல் கிழவியின் குரல். எப்படி முடிந்தது என்று கேட்டார்கள். பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன் என்றாராம்.

தேவதைக் கதைப் படங்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் குறும்புகளைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அவை ஏராளம். 1989இல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில், கடலரசன் டிரைட்டன் கச்சேரி மண்டபத்துக்குள் நுழையும் காட்சியை நிறுத்திப் பாருங்கள்; கூட்டத்துக்குள் மிக்கி, டொனால்ட், கூஃபி மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். 'நோட்ர டாம் கூனன்' படத்தின் பாரிஸ் வீதியில், கையில் புத்தகத்துடன் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' கதாநாயகி பெல் நடந்து போகிறாள். பக்கத்தில் ஒருவர் அலாவுதீனின் கம்பளத்தை உதறிக்கொண்டிருக்கிறார். 'ஃப்ரோஸன்' படத்தில் முடிசூட்டு விழாவுக்காக அரண்மனைக் கதவு திறக்கும்போது, உள்ளே போகும் விருந்தினர்களில் 'டாங்கிள்ட்' படத்தின் நாயகி ராபன்ஸலும் இருக்கிறாள், கத்தரித்த பழுப்பு முடியோடு. குழந்தைகளோடு உட்கார்ந்து இவற்றைத் தேடிப் பிடிப்பது நல்ல விளையாட்டு. ஆனால் இந்தப் படங்களுக்குள் இவர்களைவிட ஆழமாக ஒளிந்திருப்பவர்கள் வேறு சிலர். ரத்தமும் சதையுமான மனிதர்கள். அவர்களைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மார்ஜ் பெல்ச்சர் என்ற பதின்வயதுப் பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் நடனப் பள்ளி நடத்திவந்த ஒருவரின் மகள். மனித உருவம் இயல்பாக அசைவதை வரைவது அந்தக் காலத்து ஓவியர்களுக்குப் பெரும் சவாலாக இருந்தது. வாத்தையும் எலியையும் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். ஒரு பெண் பாவாடையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதை அப்படி வளைத்தால் பார்ப்பவர் கண் உடனே பிழை கண்டுபிடித்துவிடும். அதனால் மார்ஜை ஸ்னோ ஒயிட் போல உடுத்தி, நடக்கவும் ஓடவும் ஆடவும் வைத்துப் படம் பிடித்தார்கள். காட்டில் மரக்கிளைகள் அவளைப் பற்றி இழுக்கும் காட்சி நினைவிருக்கிறதா? ஸ்டூடியோவில் காடு ஏது? மேலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றை விலக்கிக்கொண்டு பயந்து ஓடும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னார்கள். பிடித்த படச்சுருளைச் சட்டம் சட்டமாக, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக அச்செடுத்து, அதைப் பார்த்து ஓவியர்கள் வரைந்தார்கள். ஸ்னோ ஒயிட் தோளைக் குறுக்கும்போது குறுகுவது மார்ஜின் தோள்.

இந்தக் கதை அங்கே முடியவில்லை. 1973இல் அதே ஸ்டூடியோ 'ராபின் ஹூட்' படத்தை எடுத்தது. பாத்திரங்கள் எல்லாம் விலங்குகள். நாயகி மரியன் ஒரு பெண் நரி. காட்டில் நடக்கும் கொண்டாட்டத்தில் அவள் ஆடுகிறாள். கையில் பணம் குறைவு என்பதால் பழைய படங்களின் அசைவுகளை எடுத்து அவற்றின் மேல் புது உருவங்களை வரைந்திருந்தார்கள். குள்ளர்களின் வீட்டில் ஸ்னோ ஒயிட் ஆடும் காட்சியையும் மரியனின் ஆட்டத்தையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். கை வீச்சு, இடுப்பின் திருப்பம், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். 1930களில் ஒரு பெண் காமிரா முன்னால் ஆடிய ஆட்டம், ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து ஒரு நரியின் உடம்பில் தொடர்கிறது. மார்ஜ் பிற்காலத்தில் மார்ஜ் சாம்பியன் என்ற பெயரில் புகழ்பெற்ற நடனக் கலைஞரானார். 2020இல், 101ஆம் வயதில் காலமானார்.

இன்னொருவர் ஹெலீன் ஸ்டான்லி. 1950இல் வந்த 'சிண்ட்ரெல்லா'வுக்கும், 1959இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' இளவரசி அரோராவுக்கும் ஆடிக் காட்டியவர் அவர்தான். 1991இல் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' முடியும் தறுவாயில் ஸ்டூடியோவுக்கு நேரம் போதவில்லை. பெல்லும் இளவரசனும் கடைசியில் சேர்ந்து ஆட வேண்டும். அரோரா தன் இளவரசனோடு ஆடும் பழைய நடனத்தை எடுத்து, உடையையும் முகத்தையும் மாற்றி வரைந்துவிட்டார்கள். இதைச் சோம்பல் என்று சிலர் குறை சொல்வதைப் படித்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாத்தாவின் மோதிரம் பேரனின் விரலுக்கு வருவதில் என்ன குறை?

இனி, முகமே தெரியாதவர்களிடம் வருகிறேன். ஓவியர்கள் பென்சிலால் வரைந்ததை அப்படியே படம் பிடிக்க முடியாது. ஒவ்வொரு ஓவியத்தையும் செல்லுலாய்டு தாளில் மையால் நகலெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூச வேண்டும். படம் ஓடும் ஒவ்வொரு நொடிக்கும் 24 சட்டங்கள். 'ஸ்னோ ஒயிட்' 83 நிமிடப் படம். இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, தாளில் ரேகை படாமல், முடியிழை அளவுக் கோடுகளை நாள் முழுக்க இழுத்தார்கள். ஸ்னோ ஒயிட்டின் முகம் வெளிறிப்போய்த் தெரிகிறது என்று அவர்களுக்குப் பட்டது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு ஏற்றிப் பார்த்தார்கள். அந்தச் சிவப்புக்கு விளிம்புக் கோடு கிடையாது. தாளுக்குத் தாள் அதே இடத்தில், அதே அளவில் வர வேண்டும். கொஞ்சம் தவறினாலும் திரையில் கன்னம் துடிப்பதுபோல் தெரியும். ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் எப்படி வைப்பீர்கள் என்று டிஸ்னி கேட்டபோது, வாழ்நாள் முழுக்க நாங்கள் வேறென்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டதாக அந்த ஸ்டூடியோவில் ஒரு கதை உண்டு. கண்ணாடி முன்னால் நின்று கன்னத்துக்குச் சிவப்பிட்டுப் பழகிய கைகள் அல்லவா!

அதே ஸ்டூடியோ, 1938இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு அனுப்பிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. படைப்பு சார்ந்த வேலைகளை இளைஞர்கள் மட்டுமே செய்கிறார்கள், ஆகவே பெண்களைப் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்பது அதன் சாரம். ஸ்னோ ஒயிட்டின் கன்னத்துக்கு உயிர் கொடுத்த கைகள் செய்தது படைப்பு இல்லையாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்னோ ஒயிட்டாகப் பாடிய அட்ரியானா காசலொட்டியின் பெயரும் படத்தில் காட்டப்படும் கலைஞர் பெயர்ப் பட்டியலில் இல்லை. அவருடைய தந்தை பாட்டு வாத்தியார். குழந்தைத்தனமான குரல் உள்ள மாணவி யாராவது இருக்கிறாளா என்று ஸ்டூடியோ சார்பில் ஒருவர் அவருக்குப் போன் செய்தார். வீட்டின் இன்னொரு போனில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மகள், நானே பாடுகிறேன் என்று குறுக்கிட்டுப் பாடிவிட்டாள். மொத்தச் சம்பளம் 970 டாலர் என்கிறார்கள். உலகமே கேட்ட குரல்; சொந்தக்காரியின் பெயர் ஊருக்குத் தெரியாது. 1994இல்தான் டிஸ்னி நிறுவனம் தன் மேதைகளின் வரிசையில் அவரைச் சேர்த்துக் கௌரவித்தது.

'ஸ்லீப்பிங் பியூட்டி' படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் காதாலும் கண்டுபிடிக்க ஒன்று இருக்கிறது. அதன் இசை, ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி இதே கதைக்கு அமைத்த பாலே இசையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த பாலே 1890இல் ரஷ்யாவில் அரங்கேறியது. அரோரா என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். பாலேயின் கடைசி அங்கத்தில் இளவரசியின் திருமணத்துக்கு மற்றக் கதைகளின் பாத்திரங்கள் விருந்தினராக வருகின்றன. அவற்றில் பூட்ஸ் போட்ட பூனையும் ஒரு வெள்ளைப் பூனையும் உண்டு. இரண்டும் சீண்டிக்கொண்டும் பிறாண்டிக்கொண்டும் ஆடும் நகைச்சுவை இசைத்துண்டு அது. படத்துக்கு இசையைத் தொகுத்த ஜார்ஜ் புரூன்ஸ் அதே துண்டை எடுத்து, இளவரசி மயக்கத்தில் பச்சை ஒளியின் பின்னால் படியேறி நூற்புக் கதிரைத் தொடப் போகும் காட்சிக்கு வைத்தார். பூனைகளின் செல்லச் சண்டை, சூனியக்காரியின் வஞ்சகமாக மாறிவிட்டது. அந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். இசை எப்படிப் பதுங்கிப் பதுங்கி வருகிறது என்று தெரியும்.

அதே படத்தின் சதுரமான மரங்களும் கூரிய பாறைகளும் ஐவிண்ட் ஏர்ல் என்ற ஓவியருடையவை. வழக்கமான பின்னணி ஓவியம் ஒரு நாளில் முடிந்துவிடும். அவருக்கு ஒன்றுக்கு ஒரு வாரமும் அதற்கு மேலும் ஆகும். ஐரோப்பிய இடைக்கால ஓவியங்களைப் பார்த்து, தொலைவில் இருக்கும் இலையையும் அருகில் இருக்கும் இலையையும் ஒரே துல்லியத்தோடு தீட்டினார். இந்தப் பின்னணிகளில் தங்கள் பாத்திரங்கள் அமுங்கிப்போகின்றன என்று சக ஓவியர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தக் காட்டை என்னால் மறக்க முடியவில்லை.

பிற்காலப் படங்களில் ஓவியர்கள் தங்களை வெளிப்படையாகவே ஒளித்துவைக்கத் தொடங்கினார்கள். ஏ113 என்ற எண் பல படங்களில் வரும். கலிபோர்னியாவின் கலைக் கல்லூரி ஒன்றில் அவர்களில் பலர் படித்த வகுப்பறையின் எண் அது. 'பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்' படத்தில் டிராம் வண்டியிலும், 'பிரேவ்' படத்தில் சூனியக்காரியின் குடிசை வாசலில் ரோமன் எண்களிலும் அது இருக்கிறது.

'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தின் முடிவில் மட்டும் ஒருவர் பெயரை மறைக்காமல் எழுதினார்கள். பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மன். எய்ட்ஸ் நோயால் உடல் நலிந்த நிலையில் அந்தப் படத்தின் பாடல்களை எழுதியவர். 1991 மார்ச்சில், படம் வெளிவரும் முன்பே, 40ஆம் வயதில் இறந்துபோனார். கடற்கன்னிக்குக் குரலும் அரக்கனுக்கு ஆன்மாவும் தந்த நண்பருக்கு நன்றி சொல்லும் வரிகள் அவை. அலங்காரத்துக்கு எழுதியவை அல்ல. 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் ஏரியல் தன் ஏக்கத்தைப் பாடும் பாட்டை, குழந்தைகள் நெளிகிறார்கள் என்று வெட்டிவிடப் பார்த்தார்கள். விடவே மாட்டேன் என்று நின்றவர்களில் ஆஷ்மன் முதலானவர். அந்தப் பாட்டு போயிருந்தால் அந்தப் பெண் ஏன் நிலத்துக்கு வர ஆசைப்படுகிறாள் என்பதே நமக்குப் புரிந்திருக்காது.

அந்தக் கடற்கன்னிப் படத்தில் இன்னொரு பெயரும் உண்டு. கே நீல்சன். டென்மார்க்கில் பிறந்த ஓவியர். டிஸ்னி ஸ்டூடியோவில் அவர் வேலை செய்த நாட்களில், டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதையைப் படமாக்கும் திட்டம் இருந்தது. அதற்காகப் புயல் கடலையும் மூழ்கும் கப்பலையும் வரைந்தார். திட்டம் கைவிடப்பட்டது, ஓவியங்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. அவரும் வேலை இழந்து, வறுமையில் வாழ்ந்து, 1957இல் இறந்தார். 1980களில் அதே கதையைக் கையில் எடுத்த இளைய தலைமுறை ஓவியர்கள் காப்பகத்தைத் திறந்து அந்த ஓவியங்களைக் கண்டெடுத்தார்கள். தங்கள் படத்தின் தோற்றத்தை வடிவமைக்க அவற்றைப் பயன்படுத்தினார்கள். 1989இல் வெளியான படத்தின் பெயர்ப் பட்டியலில், அவர் இறந்து 32 ஆண்டுகளுக்குப் பிறகு, மற்றக் கலைஞர்களோடு அவர் பெயரையும் சேர்த்தார்கள். விடுமுறையில் வீட்டில் அந்தப் படத்தைப் போட்டால், கதை முடிந்தவுடன் டி.வி.யை அணைத்துவிடாதீர்கள். குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயர் வரும்வரை பாருங்கள்.

நன்றி, வணக்கம்.