பதினாறு கோர் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

"பதினாறு கோர் பிராசஸர் போட்டுப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாமா?" என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கோர் என்பது பிராசஸருக்குள் தனியாக இயங்கிக் கணக்குப் போடும் ஒரு பகுதி. கேட்பவர்களில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர் உண்டு, கட்டட வரைபடம் போடுபவர் உண்டு, ஆராய்ச்சி மாணவர் உண்டு. மகனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த பூரிப்பில் கேட்கும் அப்பாவும் உண்டு. எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போதிருக்கும் கம்ப்யூட்டரில் எந்த வேலை முடிவதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்? சிலர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். பலர், "பொதுவாகவே மெதுவாக இருக்கிறது" என்பார்கள். அந்த நோய்க்குப் பதினாறு கோர் மருந்து ஆகாது.

கோர்கள் எப்படிப் பெருகின என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். 2004 வரை பிராசஸரின் வேகம் என்றால் கிகாஹெர்ட்ஸ்தான். அந்த ஆண்டு இன்டெல்லின் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. 4 கிகாஹெர்ட்ஸ் வரும் என்று சொல்லியிருந்த அந்த நிறுவனம் அதே ஆண்டில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வேகத்தைக் கூட்டக் கூட்ட மின்சாரச் செலவும் சூடும் கட்டுக்கடங்காமல் போயிருந்தன. 2005இல் இன்டெல், அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டி இரண்டுமே இரட்டைக் கோர் பிராசஸர்களை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தன. நம்முடைய வேலை கேட்டதால் கோர்கள் பெருகவில்லை. பழைய வழி அடைபட்டதால் பெருகின. வேலையைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாரம் மென்பொருள் எழுதுபவரின் தலையில் விழுந்தது.

எல்லா வேலையும் பிரியாது. ஐபிஎம்மில் பணியாற்றிய ஜீன் அம்டால் 1967லேயே இதைச் சொல்லிவிட்டார். கல்யாணச் சமையலில் காய் நறுக்க இருபது பேரை உட்கார வைக்கலாம். பருப்பு வேகும் நேரத்தை இருபது பேர் கூடினாலும் குறைக்க முடியாது. கணக்காகவே பார்ப்போம். ஒரு கோரில் ஒரு மணி நேரம் ஓடும் வேலையில் பாதிதான் பிரிக்கக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு கோரில் அது ஏறத்தாழ 34 நிமிடம், பதினாறு கோரில் 32 நிமிடம். நூற்றுக்கு 99 பங்கு பிரியக்கூடிய வேலை என்றால் எட்டு கோரில் 8 நிமிடம், பதினாறில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். இந்த இரண்டில் உங்கள் வேலை எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. விலைப்பட்டியலில் இதற்குப் பதில் கிடைக்காது.

பதில் உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்களைக் காக்க வைக்கும் அந்த வேலையை ஓட விடுங்கள். மெமரி நிரம்பியிருந்தால் வாங்க வேண்டியது ரேம். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பலரைக் குழப்புவது பிராசஸர் காட்டும் எண். திரை உறைந்து கிடக்கும், பிராசஸர் வெறும் 6 சதவீதம் என்று காட்டும். "இது வேலையே செய்யவில்லையே" என்று தோன்றும். இத்தகைய பிராசஸரில் ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓட்டங்களை, அதாவது திரெட்களை, எடுத்துக்கொள்ளும். எட்டு கோரும் பதினாறு திரெட்டும் உள்ள கம்ப்யூட்டரில் ஒரே ஒரு திரெட் முழுமூச்சாக ஓடினால் கணக்கு அவ்வளவுதான் வரும். பதினாறு கோர் வாங்கினால் அந்த 6, 3 ஆகும்; காத்திருப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

ஆட்டோகேடில் வரைபவருக்குப் பெரும்பாலும் இதுதான் நிலை. அந்த மென்பொருளின் வேலையில் பெரும்பகுதி ஒரே கோரில் ஓடுவது. ஆராய்ச்சி மாணவர் பைத்தானில் சாதாரணமாக ஒரு லூப் எழுதி ஓட விட்டாலும் அப்படியே. நிரலைப் பல பிராசஸ்களாகப் பிரித்து எழுதிய பிறகுதான் கூடுதல் கோர்களுக்கு வேலை வரும். கல்லூரிக்குப் போகும் மகனுக்கு ஆறு கோரே தாராளம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பெரிய மென்பொருளின் நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றுபவர் (கம்பைல்), பிராசஸரிலேயே முப்பரிமாணக் காட்சிகளைப் படமாக உருவாக்குபவர் (ரெண்டர்), நாள் முழுவதும் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுபவர் ஆகியோரின் கம்ப்யூட்டரில் எல்லாக் கோர்களும் ஒன்றாக 100 சதவீதம் காட்டும். இவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆனால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்பவர் முதலில் நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கட்டும். காட்சி அந்தக் கார்டின் மெமரிக்குள் அடங்கும்வரை பிராசஸர் அதனிடம் தோற்றுப்போகும்.

கல்யாண வீடியோக்காரரின் கதை தனி. இப்போதைய கேமராக்கள் பல எச்.265 என்ற சுருக்க முறையில், 10 பிட், 4:2:2 என்ற நுணுக்கமான வண்ணத்தில் பதிவு செய்கின்றன. டைம்லைனில் படம் விக்கி விக்கி ஓடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அதை விரித்துக் காட்டும் தனி மின்சுற்று இன்டெல்லின் அண்மைத் தலைமுறைப் பிராசஸர்களில், உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அதைச் சேர்த்தது. இந்த மின்சுற்று இருந்தால் எட்டு கோரிலும் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசஸர் விலை குறைவு என்று கடையில் நீட்டுவார்கள். அதில் அந்த உள் கிராபிக்ஸே கிடையாது. காசே செலவழிக்க வேண்டாம் என்றால் ப்ராக்ஸி கோப்புகளை, அதாவது எடிட்டுக்கு மட்டும் பயன்படும் எளிய நகல்களை, உருவாக்கி வைத்துக்கொண்டு எடிட் செய்யலாம்.

கையில் பணம் இருக்கிறது, வாங்கியே தீருவேன் என்பவருக்காக இரண்டு பிராசஸர்களை ஒப்பிடுகிறேன். 2024 ஆகஸ்டில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 9 9950எக்ஸ் பதினாறு கோர், அறிமுக விலை 649 டாலர். அதே குடும்பத்தின் ரைசன் 7 9700எக்ஸ் எட்டு கோர், 359 டாலர். உச்ச வேகம் முன்னதில் 5.7 கிகாஹெர்ட்ஸ், பின்னதில் 5.5. ஒற்றைக் கோர் வேலையில் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச் வேண்டும். மின்சாரத்தில்தான் பெரிய இடைவெளி: பெட்டியில் போட்டிருக்கும் அளவு 170 வாட், 65 வாட். முழுச் சுமையில் 9950எக்ஸ் அந்த 170 வாட்டையும் தாண்டி இழுக்கும்.

அந்த வாட்டெல்லாம் சூடாக அறைக்குள்தான் இறங்கும். சென்னையில் மே மாதம், ஏசி இல்லாத அறை, வெளியே 40 டிகிரி என்றால் எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் அது உறிஞ்சி வீசுவது அந்தக் காற்றைத்தான். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில் ஈகோ மோட் என்று ஒன்று உண்டு. அதில் வாட்டைக் குறைத்து வைத்தால் வேகத்தில் சிறிது போகும், சூட்டில் நிறையக் குறையும். இங்கே நான் முதலில் மாற்றச் சொல்வது அதைத்தான்.

யூபிஎஸ்ஸை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். பதினாறு கோரும் பெரிய கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து உழைக்கும்போது அதைத் தாண்டிவிடும். மின்சாரம் போகும் அந்த நொடியில் யூபிஎஸ்ஸும் கூடவே படுத்துவிடும். இரவெல்லாம் ஓடிய ரெண்டர் போயிற்று.

ரேம் வாங்கும்போது நான்கு துண்டுகளாக வாங்காதீர்கள். இந்த ரைசன் வரிசையில் இரண்டு துண்டு டிடிஆர்5 போட்டால் நிறுவனம் உறுதி தரும் வேகம் 5600. நான்கு போட்டால் 3600. இந்தப் பிராசஸர்களுக்கும் ரேமுக்கும் இடையே இருப்பவை இரண்டு பாதைகள்தான்; பதினாறு கோரும் அவற்றைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னும் மனம் ஊசலாடுகிறது என்பவருக்கு நான் சொல்லும் வழி இது. ஏஎம்5 சாக்கெட் (இந்த ரைசன் பிராசஸர்கள் உட்காரும் இடம்) உள்ள நல்ல மதர்போர்டு, எட்டு கோர் பிராசஸர், 64 ஜிபி ரேம், பதினாறு கோருக்கும் போதுமான பவர் சப்ளை ஆகியவற்றை இப்போது வாங்குங்கள். அந்த சாக்கெட்டுக்கு 2027க்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் எல்லாக் கட்டங்களும் நிரம்பி வழியும் நாள் வந்தால், எட்டைக் கழற்றிப் பதினாறைப் பொருத்த கடையில் அரை மணி நேர வேலை. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பெரிய கணக்கு ஓட்டுபவர் அன்றைக்கு மட்டும் ஒரு கிளவுட் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நன்றி. வணக்கம்.