வீட்டுத் தமிழை நிறுத்திவிட்டு நுழைவுத் தேர்வுக்கு வராதீர்கள்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தமிழ்ப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் 22 ஆண்டுகள் இந்த ஊரில் ஓர் அனைத்துலகப் பள்ளியின் ஆரம்பப் பிரிவில் வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம், புதிதாகச் சேர வரும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோதித்துப் பார்க்கும் வேலையும் என்னிடம்தான் இருந்தது. நீங்கள் வெளியே நாற்காலியில் வியர்த்துக்கொண்டு காத்திருப்பீர்களே, அந்தக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவள் நான். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஒரு பையனைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஆறு வயது. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தது. நெற்றியில் இருந்த திருநீற்றை உள்ளே அனுப்புவதற்கு முன் யாரோ துடைத்துவிட்டிருக்கிறார்கள். ஒரு புருவத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. உனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எழுத ஆரம்பித்தான். முதல் சொல்லிலேயே ஓர் எழுத்து மாறிப் போயிற்று. ரப்பரை எடுத்து அழித்தான். மறுபடி எழுதினான், மறுபடி அழித்தான். நான்காவது தடவையில் தாள் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அழவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வாங்கியது.

"பரவாயில்லை ஐயா, வேறு தாள் இருக்கு" என்று தமிழில் சொன்னேன். உடனே அவன் கதவைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "டீச்சர், இங்கே தமிழ் பேசலாமா?" என்று கேட்டான்.

பேசலாம் என்றேன். அவ்வளவுதான், தாத்தா வீட்டுக் கோழிக் கதை வந்துவிட்டது. கோழி பதினோரு முட்டையை அடைகாத்ததாம். ஒன்பதுதான் பொரிந்ததாம். மிச்சம் ரெண்டும் கூமுட்டை என்று பாட்டி சொன்னாளாம். ஆனால் இவனுக்குச் சந்தேகம். மழை பெய்த அன்று கோழி ரொம்ப நேரம் கூட்டைவிட்டு எழுந்து போயிருந்தது, அதனால்தான் அந்த ரெண்டும் குளிர்ந்து போயிருக்கும் என்றான்.

கணக்கு இருக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொல்லத் தெரிகிறது. பெரியவர்கள் சொன்ன காரணத்தை ஏற்காமல் தானே ஒரு காரணத்தைத் தேடுகிறான். நாங்கள் அந்த அறையில் எதைத் தேடி உட்கார்ந்திருந்தோமோ அது அத்தனையும் அவனிடம் இருந்தது. அவனுக்கு இரண்டு மணி நேரத் தயாரிப்பு வகுப்பு வாரத்துக்கு மூன்று நாள் நடந்ததாகவும், ஆறு மாதமாக வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்டதாகவும் அவன் அம்மா பிறகு சொன்னார். பையனைப் பற்றி நான் நல்லபடியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். இடம் கிடைக்கவில்லை. எழுத்துத் தாளில் ஒன்றுமே இல்லையே என்றார்கள். நான் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்க வேண்டும். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இந்த ஓட்டம் எப்போது இவ்வளவு சின்ன வயதுக்கு இறங்கியது என்று யோசித்துப் பாருங்கள். 1988 முதல் நமக்கு யுபிஎஸ்ஆர் இருந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு தேர்வு, அதில் எத்தனை ஏ என்று ஊரே கேட்கும். 2021-இல் அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, மூன்றாம் படிவத்தில் எழுதும் பிடி3 தேர்வும் போனது. பிள்ளைகளுக்கு விடுதலை என்று நான்கூட மகிழ்ந்தேன். ஆனால் நம் பயம் எங்கும் போகவில்லை. அளந்து பார்க்க ஒரு தேர்வு இல்லையே என்ற தவிப்பில், தேர்வு இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறோம். இன்னொரு பக்கம், அனைத்துலகப் பள்ளிகளில் மலேசியப் பிள்ளைகள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று முன்பு ஒரு வரம்பு இருந்தது. 2012-இல் அந்த வரம்பு நீங்கியது. கதவு திறந்தது, நடுத்தரக் குடும்பங்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. அதில் தப்பே இல்லை. பிள்ளைக்கு நல்லது தேடுவது பெற்றவர்களின் இயல்பு.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், என்ன தேர்வு என்று தெரியாமலேயே தயார் செய்வதில். உங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் லண்டன் பள்ளிகளின் பழைய தாள்கள் சுற்றுகின்றன. எனக்கும் இரண்டு பேர் அனுப்பியிருந்தார்கள். 'செவன் பிளஸ்' என்று அதற்குப் பெயர். அங்கே இயர் டூ படிக்கும் பிள்ளைகள், இயர் த்ரீக்கு ஒரு தனியார் பள்ளியில் சேர எழுதும் தேர்வு. குறைந்த இடத்துக்கு நிறையப் பிள்ளைகள் மோதுவதால் மதிப்பெண்ணை வைத்து வடிகட்டுகிறார்கள். அங்கேயும் அதைப் பற்றிப் பெற்றோர்கள் தூக்கமில்லாமல்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாள் அந்த ஊர்ப் பிள்ளைக்கு, அந்தப் பாடத்துக்கு எழுதியது. இங்கே நான் பார்த்த வரையில், சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிகள் கேட்கும் கேள்வி வேறு. வகுப்பில் இடம் இருக்கிறதா, இந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தோடு சேர்ந்து வர முடியுமா, வேறு ஏதாவது உதவி தேவைப்படுமா, இவ்வளவுதான். கொஞ்சம் வாசிக்கச் சொல்வார்கள், கொஞ்சம் எழுதச் சொல்வார்கள், எண்ண வைப்பார்கள், மற்ற பிள்ளைகளோடு விளையாட விட்டுப் பார்ப்பார்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் 'கேட் ஃபோர்' என்ற தேர்வு உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குத்தான் அதிகப் பணம் செலவழிக்கிறீர்கள். அது பாடத்தைச் சோதிக்கும் தேர்வு அல்ல. நான்கு பகுதி. சொற்களை வைத்து யோசிப்பது ஒன்று, எண்களை வைத்து யோசிப்பது ஒன்று. மூன்றாவது, வடிவங்களுக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது. நான்காவது, ஒரு தாளை மடித்தால் என்ன ஆகும், ஓர் உருவத்தைத் திருப்பினால் எப்படித் தெரியும் என்று மனத்துக்குள்ளேயே பார்ப்பது. சராசரி 100 என்று வைத்து, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு எண் தருவார்கள். பாஸ், ஃபெயில் என்று அந்தத் தேர்வுக்குள் ஒன்றும் கிடையாது. எந்த எண்ணுக்குமேல் எடுப்பது என்பது அந்தந்தப் பள்ளியின் முடிவு.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வடிவப் பகுதிக்கு ஆங்கிலம் வேண்டாம். அதில் ஒரு பிள்ளை நன்றாகச் செய்துவிட்டு, சொல் பகுதியில் மட்டும் பின்தங்கினால், விவரம் தெரிந்த பள்ளி அதை எப்படி வாசிக்கும் தெரியுமா? யோசிக்கும் திறன் இருக்கிறது, ஆங்கிலம் இன்னும் வந்து சேரவில்லை, வந்துவிடும் என்று வாசிக்கும். அந்த இடைவெளி உங்கள் பிள்ளைக்குச் சாதகமாகப் பேசும். தாள் தாளாகப் போட்டுப் பழக்கி எண்ணை மட்டும் ஏற்றிவிட்டால், பிள்ளைக்கு எங்கே கை கொடுக்க வேண்டும் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியாமல் போய்விடும்.

பிறந்த தேதி விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நம் அரசுப் பள்ளியில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. பல அனைத்துலகப் பள்ளிகள் பின்பற்றும் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் கணக்கு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. 2018 மார்ச்சில் பிறந்த பிள்ளையும் 2018 அக்டோபரில் பிறந்த பிள்ளையும் இங்கே ஒன்றாகவே 2025-இல் முதலாம் ஆண்டுக்குப் போனார்கள். அங்கே 2024 செப்டம்பரிலேயே மார்ச் பிள்ளை இயர் டூ, அக்டோபர் பிள்ளை இயர் ஒன். பாருங்கள், நம் கணக்கில் இன்னும் பாலர் பள்ளியில் இருக்கும் பிள்ளை, இரண்டு வருடம் முறையாக வாசித்து எழுதிப் பழகிய பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும். சோதனையில் திணறினால், "என் பிள்ளை மக்கு" என்று வீட்டுக்கு வந்து அழுகிறீர்கள். மக்கு இல்லை அம்மா. பாடம் இன்னும் நடத்தவில்லை, அவ்வளவுதான். எந்த ஆண்டுக்குச் சோதிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். தேவைப்பட்டால் ஓர் ஆண்டு கீழே சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். சில பள்ளிகள் ஒத்துக்கொள்ளும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், முன்பணம் என்று மூன்று தனித்தனியாக வரும். எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 60,000 ரிங்கிட்டுக்கு மேல் கட்டணம் என்றால் 2025 ஜூலை 1 முதல் 6 விழுக்காடு சேவை வரியும் சேரும். வெளிநாட்டுக் குடும்பங்கள் ஊர் திரும்பும் ஜூன், ஜூலையில் இடம் காலியாவதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் "இடமில்லை" என்று சொன்னால் அதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

இப்போது எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம்.

என் மகனுக்கு ஐந்து வயதானபோது நானும் வீட்டில் தமிழை நிறுத்தினேன். ஆசிரியையே அப்படிச் செய்தேன். என் மாமியார் எங்களோடுதான் இருந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரிடமும், "அம்மா, பையனிடம் தமிழ் பேசாதீங்க, கொஞ்ச நாளைக்கு" என்று சொன்னேன். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. அதுவரை ராத்திரி சோறு ஊட்டும்போது தோட்டத்து லயத்து வீட்டுக் கதை சொல்வார், யானை வந்த கதை, வெள்ளத்தில் பாலம் போன கதை. அது நின்று போனது. மகனுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது. கொஞ்ச நாள் என்று சொன்னது மூன்று வருடமாகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன். மாமியார் தட்டோடு நின்றுகொண்டு, "ஈட்? ஈட்?" என்று அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு ஆங்கிலச் சொல்லை யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவன் தலையை ஆட்டிவிட்டு டிவியைப் பார்க்கிறான்.

அவன் எழுதிய கட்டுரைகளும் அந்த வருடங்களில் வறண்டு போயிருந்தன. எழுத்துப் பிழையே இருக்காது. சொல்லவும் ஒன்றும் இருக்காது. கதை கேட்காத பிள்ளைக்குக் கதை எங்கிருந்து வரும்?

கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தாய்மொழியில் வேர்விட்ட சிந்தனை இரண்டாம் மொழிக்குக் கூடவே வரும் என்பது அவர் கருத்து. ஏன், எதனால், அப்புறம் என்ன ஆச்சு என்று தமிழில் கேட்கப் பழகிய பிள்ளை, ஆங்கிலம் வந்ததும் அதையே ஆங்கிலத்தில் கேட்கிறது. புதிதாகக் கற்க வேண்டியது சொற்களைத்தான். நான் வகுப்பில் பார்த்ததும் அதுதான். ஆங்கிலம் தடுமாறும் அம்மா ஆங்கிலத்தில் மட்டும் பேசும்போது, "கம், சிட், ஈட், டோண்ட்" என்று நான்கு கட்டளைக்குள் வீட்டுப் பேச்சு சுருங்கிவிடுகிறது. அதே அம்மா தமிழில் பேசினால், மீன் ஏன் இன்றைக்கு விலை ஏறியது என்பது வரை பேசுவார். பிள்ளைக்கு எது சோறு?

அதற்காக ஆங்கிலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வாசித்துக் காட்டுங்கள். வாசித்த கதையைத் தமிழில் பேசுங்கள். பசார் மாலாமுக்கு, அதாவது இரவுச் சந்தைக்குக் கூட்டிப் போய், பத்து ரிங்கிட்டைக் கையில் கொடுத்து, பாக்கி எவ்வளவு என்று அவனையே எண்ணி வாங்க விடுங்கள். தப்பாக எழுதினால் ரப்பரைத் தேட விடாதீர்கள். மேலே ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "எனக்குத் தெரியலை, சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்கப் பழக்குங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளை நான் ஒருபோதும் குறைத்து எழுதியதில்லை.

பெரும்பாலான அனைத்துலகப் பள்ளிகளில் தமிழ்ப் பாடம் கிடையாது. மலேசியப் பிள்ளைகளுக்கு மலாய்மொழி உண்டு, தமிழுக்கு வீடுதான் வகுப்பு. இன்னொன்றும் சொல்கிறேன். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து வந்த தமிழ்ப்பள்ளிகள் நமக்கு இருக்கின்றன. ஆறு ஆண்டு அங்கே படித்த பிள்ளையையும் இடைநிலை வகுப்பில் அனைத்துலகப் பள்ளிகள் எடுக்கின்றன. அப்படி வந்தவர்களுக்கு நானே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதல் ஆண்டு கஷ்டப்பட்டார்கள். பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஆறு வயதில் கிடைக்காத இடம் பன்னிரண்டு வயதில் கிடைக்கலாம், அதனால் இந்த வருடமே என்று பிள்ளையின் கழுத்தைப் பிடிக்காதீர்கள்.

என் மகனுக்கு இப்போது 27 வயது. தமிழ் பேசுகிறான், கொஞ்சம் தட்டுத்தடுமாறி. பாட்டி போன பிறகு அவனாகவே கற்றுக்கொண்டது. யானைக் கதையை என்னிடம் கேட்டான். எனக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது.

நேரமாகிவிட்டது, ஏழரைக்கு மண்டபத்தைக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் பிறந்த தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு முன்னால் வாருங்கள். எந்த வகுப்புக்குச் சோதிப்பார்கள், பள்ளியில் என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து சொல்கிறேன். தூங்கும் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம்.