திராவகத்தில் கரைந்த வெள்ளி

நண்பர்களே, வணக்கம். அணுவைப் பற்றிப் பேச்சு வந்தால் பண்டைய கிரேக்கத்து டெமாக்ரிட்டஸில் தொடங்கி, நேராகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர் டால்டனுக்குத் தாவிவிடுகிறோம். நடுவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. அங்கே நிற்கிற ஒரு ஜெர்மானிய மருத்துவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெயர் டேனியல் சென்னர்ட்.

1572இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அப்பா செருப்புத் தைப்பவர். மகன் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் படித்து, 1602இல் அங்கேயே மருத்துவப் பேராசிரியர் ஆனார்.

அன்றைய மருத்துவர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். ஒரு பக்கம் அரிஸ்டாட்டில், கேலன் என்று பழைய ஏடுகளைப் பிடித்துக்கொண்டவர்கள். இன்னொரு பக்கம் பதினாறாம் நூற்றாண்டு மருத்துவர் பாரசெல்சஸ் வழியில் உலோகங்களையும் உப்புகளையும் மருந்தாக்கியவர்கள். சென்னர்ட் எந்தக் கட்சியிலும் முழுசாகச் சேரவில்லை. யார் சொன்னதில் எது ஒத்துவருகிறது, எது ஒத்துவரவில்லை என்று 1619இல் தனி நூலே எழுதினார்.

சரி, அவர் செய்த சோதனைக்கு வருகிறேன். தங்கத்தையும் வெள்ளியையும் மூசையில் சேர்த்து உருக்கினார். அந்தக் கட்டியை நைட்ரிக் அமிலத்தில் போட்டார். நம் பொற்கொல்லர்கள் திராவகம் என்பார்களே, அதுதான். தங்கம் அடியில் தங்கிவிட்டது, வெள்ளி கரைந்துவிட்டது. தெளிந்த நீர்மத்தைக் காகிதத்தில் வடிகட்டினார். வெள்ளியும் அதோடு சேர்ந்து காகிதத்தைத் தாண்டிப் போயிற்று. அப்புறம், திராட்சை மது பீப்பாயில் படியும் உப்பைச் சுட்டு எடுத்த காரத்தை அதில் சேர்த்தார். ஒரு பொடி அடியில் படிந்தது. அதை உருக்கினால், பழையபடி வெள்ளி!

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பொருள்கள் ஒன்றாகக் கலந்தால் அவற்றின் சொந்த இயல்பு அழிந்து, புதிதாக வேறொன்று உருவாகிறது என்றுதான் பல்கலைக்கழகங்களில் அன்று பலரும் கற்பித்தார்கள். அப்படி அழிந்திருந்தால் இந்த வெள்ளி எங்கிருந்து திரும்பி வந்தது? காகிதத்தின் கண்ணுக்குத் தெரியாத துளை வழியாகப் போகும் அளவு நுண்ணிய துகள்களாக, ஆனால் வெள்ளியாகவேதான் அது உள்ளே இருந்தது என்றார் சென்னர்ட். அணுவைப் பற்றி வாதம் செய்தவர்கள் முன்பும் உண்டு. சோதனைக்கூடத்துச் சான்றை இவ்வளவு தெளிவாக எடுத்து வைத்ததுதான் இவருடைய பெருமை என்பது என் கருத்து.

அவரை இன்றைய விஞ்ஞானியாக நான் காட்டவில்லை. சூனியத்தால் நோய் வரும் என்று அவர் நம்பினார். உலோகத்தைப் பொன்னாக்கலாம் என்றும் நம்பினார். அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கடைசிக் காலத்தில் தெய்வ நிந்தனைப் பழியும் வந்தது. விலங்குகளின் ஆன்மா பற்றிய அவர் கருத்து மதத்துக்கு விரோதமானது என்று நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரப் பேராசிரியர் யோஹான் ஃப்ரைடாக் தாக்கினார். 1637இல் விட்டன்பெர்க்கைக் கொள்ளைநோய் பிடித்தது. அதில்தான் சென்னர்ட் இறந்தார்.

பின்னால் வந்த ராபர்ட் பாயில், இளமையில் எழுதிய அணுக் கட்டுரையில் சென்னர்ட்டின் சோதனைகளை நிறையவே எடுத்தாண்டார். பாயில் பெயர் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே சென்னர்ட்டுக்கும் ஒரு வரி கொடுங்கள் என்று இங்கே வந்திருக்கும் வேதியியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.